ஐ.பி. முகவரி யாரைக் காட்டிக்கொடுக்கிறது?

"உன் ஐ.பி. முகவரி என்னிடம் இருக்கிறது, நீ யாரென்று கண்டுபிடித்துவிடுவேன்." இணையத்தில் சூடாக வாக்குவாதம் செய்தவர்கள் பலரும் இந்த மிரட்டலை ஒருமுறையாவது சந்தித்திருப்பார்கள். ஐ.பி. முகவரி என்பது ஓர் இணைய இணைப்பைக் குறிக்கும் எண். மிரட்டுபவரால் பெரும்பாலும் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதே எண்ணைக் காவல்துறை பிடித்துக்கொண்டு போனதில், செய்யாத குற்றத்துக்கு ஐம்பது நாள் சிறையில் கிடந்தவர் நம் நாட்டிலேயே இருக்கிறார். அந்த எண்ணிலிருந்து என்ன தெரியும், என்ன தெரியாது, தெரிய வேண்டுமானால் நடுவில் யார் வாய் திறக்க வேண்டும் என்பதைச் சாதாரண இணையப் பயனரும் அறிந்திருப்பது அவசியம். அறியாமல் இருப்பதால் சிலர் வீணாக அஞ்சுகிறார்கள். வேறு சிலர் அப்பாவிகளைப் பிடித்து உள்ளே வைக்கிறார்கள்.

ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது அந்தத் தளத்தை இயக்கும் கணினியான சர்வரில் ஒரு வரி பதிவாகிறது. 203.0.113.45 என்ற எண், 14 மார்ச், 18:42:07, எந்தப் பக்கம் கேட்கப்பட்டது, எந்த பிரவுசர், எந்த இயங்குதளம். அவ்வளவுதான். (இந்த எண் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியில் இருப்பது, யாருடையதும் இல்லை.) பெயர், தெரு, கைப்பேசி எண் எதுவும் அந்த வரியில் கிடையாது. கேட்ட பக்கத்தைத் திருப்பி அனுப்ப சர்வருக்கு ஒரு முகவரி வேண்டும், அதற்காக மட்டுமே அந்த எண் அங்கே வந்திருக்கிறது. தரவு எந்த இணைப்புக்குப் போக வேண்டும் என்பதை அது சொல்கிறது. அந்த இணைப்பின் முனையில் உட்கார்ந்திருப்பது யார் என்பது அதற்குத் தெரியாது.

இந்த எண்கள் மேலிருந்து கீழே பங்கிடப்படுகின்றன. உலக அளவில் ஐயானா என்ற அமைப்பு பெரிய தொகுதிகளை ஐந்து மண்டலப் பதிவகங்களுக்குக் கொடுக்கிறது. ஆசிய, பசிபிக் நாடுகளுக்கான ஏப்நிக் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் இருக்கிறது. அதன் கீழ் இந்தியாவுக்கு இரின் என்ற தேசியப் பதிவகம் உண்டு. இவற்றிடம் தொகுதி தொகுதியாக வாங்கும் இணையச் சேவை நிறுவனங்கள், நம் வீட்டு ரவுட்டருக்கோ கைப்பேசிக்கோ ஓர் எண்ணைத் தற்காலிகமாகக் கொடுக்கின்றன. எந்தத் தொகுதி எந்த நிறுவனத்திடம் இருக்கிறது என்பது எவரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவு. ஆகவே மிரட்டுபவர் உறுதியாகக் கண்டுபிடிக்கக்கூடியது நீங்கள் எந்த நிறுவனத்தின் இணைப்பைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதுதான்.

வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் எண் நிலையாக இருப்பதில்லை. ரவுட்டரை அணைத்து மீண்டும் போட்டால் மாறலாம், சில நாள் கழித்துத் தானாகவும் மாறலாம். லாட்ஜ் அறை எண்ணைப் போன்றது இது. 12-ஆம் எண் அறையில் யார் தங்கினார்கள் என்று கேட்டால், எந்தத் தேதியில் என்று எதிர்க்கேள்வி வரும். பதில் வரவேற்பு மேசையில் இருக்கும் பதிவேட்டில்தான் இருக்கிறது, கதவில் ஒட்டியிருக்கும் எண்ணில் இல்லை. அந்தப் பதிவேடு உங்கள் சேவை நிறுவனத்திடம் இருக்கிறது. மிரட்டுபவரிடம் இல்லை.

இருப்பிடத்துக்கு வருவோம். ஐ.பி. எண்ணைப் போட்டால் ஊரைக் காட்டும் இணையதளங்கள் ஏராளம். சிலவற்றில் வரைபடமும் அதன்மேல் ஒரு குண்டூசியும் இருக்கும். பார்த்தவுடன் யாருக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் ஐ.பி. எண்ணுக்குள் இடம் என்று எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. சில நிறுவனங்கள் பதிவக விவரங்கள், தரவு போய்வரும் பாதை, ரவுட்டர்களின் பெயர்களில் வரும் ஊர்ச் சுருக்கங்கள், பிற தளங்கள் தரும் தகவல்கள் எனப் பலவற்றையும் சேர்த்து, இந்த எண் இந்த ஊராக இருக்கலாம் என்று ஊகித்துத் தரவுத்தளம் தயாரித்து விற்கின்றன. நாடு பெரும்பாலும் சரியாக இருக்கும். ஊர் சில நேரம் சரியாக இருக்கும். தெருவும் வீடும் அதில் வர வழியே இல்லை.

வர வழியில்லாத வீடு வந்ததாக நம்பியதால் நேர்ந்த கொடுமைக்கு அமெரிக்காவின் கான்சஸ் மாநிலமே சாட்சி. அங்கே பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே 360 ஏக்கர் பண்ணை ஒன்று இருக்கிறது. அந்த வீட்டுக்கு ஆண்டுக்கணக்காகக் காவலர்களும் எஃப்.பி.ஐ. அதிகாரிகளும் வரி அதிகாரிகளும் வந்துகொண்டே இருந்தார்கள். வீட்டை விட்டு ஓடிப்போன பிள்ளைகளைத் தேடி வந்தார்கள், தற்கொலைக்கு முயன்றவரைத் தேடி ஆம்புலன்ஸ் வந்தது. இணையத்தில் ஏமாந்தவர்கள் அங்கே வசித்தவர்களைத் திருடர்கள் என்று திட்டினார்கள். உடைந்த கழிப்பறைப் பீங்கானைக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனவரும் உண்டு. அந்த வீட்டார் எந்தக் குற்றமும் செய்யவில்லை, தங்களை ஏன் உலகமே துரத்துகிறது என்பதும் அவர்களுக்குப் புரியவில்லை.

காரணத்தை 2016 ஏப்ரலில் கஷ்மீர் ஹில் என்ற பத்திரிகையாளர் வெளிக்கொண்டுவந்தார். மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனத்தின் தரவுத்தளத்தில், அமெரிக்காவுக்குள் இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் தெரியாத எண்களுக்கு நாட்டின் நடுப்புள்ளியை இடமாகக் குறித்திருந்தார்கள். உண்மையான நடுப்புள்ளி அங்கிருந்து வடமேற்கே தள்ளி இருக்கிறது. ஆனால் அதன் நீண்ட தசம எண்களுக்குப் பதிலாக, அட்சரேகை 38 வடக்கு, தீர்க்கரேகை 97 மேற்கு என்று எளிய முழு எண்களாக வைத்துக்கொண்டார்கள். அந்த முழு எண்கள் சந்திக்கும் இடம் அந்தப் பண்ணை வீடு. இப்படி 60 கோடிக்கும் மேற்பட்ட ஐ.பி. எண்கள் ஒரே வீட்டின் தலையில் விழுந்தன. "எங்களுக்குத் தெரியாது" என்பதைச் சொல்ல அந்த வரைபடத்தில் வழியில்லாததால், அறியாமையும் ஒரு துல்லியமான புள்ளியாகத் தெரிந்தது. உண்மை வெளிவந்த பிறகு நிறுவனம் அந்தப் புள்ளியை அதே மாநிலத்தின் விச்சிட்டா நகருக்கு மேற்கே ஓர் ஏரியின் நடுவே நகர்த்தியது. தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலும் ஒரு வீட்டுக்கு இதே கதி நேர்ந்ததை ஹில் 2019-இல் எழுதினார். அங்கேயும் நகரத்தைக் குறிக்க வைத்த பொதுப் புள்ளி ஒரு குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் விழுந்திருந்தது.

நம் ஊரில் தவறு வேறு திசையில் போகும். கைப்பேசி இணையத்தில் இருப்பவர் மதுரையில் இருப்பார், தரவுத்தளம் சென்னை என்றோ மும்பை என்றோ சொல்லும். நிறுவனத்தின் போக்குவரத்து எந்த ஊரில் பொது இணையத்துக்குள் நுழைகிறதோ அந்த ஊர்தான் வெளியே தெரியும். காவல்துறை ஒருவரின் கைப்பேசியைத் தெரு அளவுக்கு நெருங்கிப் பிடித்தது என்று செய்தியில் படித்தால், அது செல்கோபுரப் பதிவு மூலமோ ஜி.பி.எஸ். மூலமோ நடந்திருக்கும். வரைபடச் செயலி உங்கள் வீட்டு வாசலைக் காட்டுவதும் ஜி.பி.எஸ்.ஸாலும் சுற்றியிருக்கும் வைஃபைக்களின் அடையாளத்தாலும்தான். இவற்றையெல்லாம் ஐ.பி. முகவரியின் கணக்கில் எழுதுவதால் அதற்கு இல்லாத ஆற்றல் இருப்பதாகப் பேர் வந்துவிட்டது.

அடையாளத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. சேவை நிறுவனத்தின் பதிவேட்டைத் திறக்க அதிகாரம் உள்ளவருக்குச் சந்தாதாரரின் பெயரும் முகவரியும் கிடைத்துவிடும். அந்த இடத்தில் தேடல் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பேராபத்து.

2008 ஜூலை 26 அன்று ஆமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நடந்து 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். முதல் குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அதன் ஐ.பி. எண்ணைப் பிடித்துக்கொண்டு போன மகாராஷ்டிர பயங்கரவாதத் தடுப்புப் படை, நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அடுக்ககத்தில் போய் நின்றது. அங்கே வசித்தவர் ஓர் அமெரிக்கர். அவர் பெயர் நாடெங்கும் செய்தியானது, கணினிகள் எடுத்துச் செல்லப்பட்டன. அவர் வீட்டு வைஃபை போதிய பாதுகாப்பின்றி இருந்ததும், வெளியிலிருந்து யாரோ அதைப் பயன்படுத்திக்கொண்டதும் பிறகே தெரியவந்தன. ஆகஸ்டில் வந்த அடுத்த மின்னஞ்சல் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் இணைப்பையும், டெல்லி குண்டுவெடிப்பன்று வந்தது செம்பூரில் ஒரு நிறுவனத்தின் இணைப்பையும் காட்டின. பூட்டாத வைஃபைக்களைத் தேடித் தேடி மின்னஞ்சல் அனுப்பினார்கள் என்பது பின்னர் கைதானவர்கள் மீது காவல்துறை வைத்த குற்றச்சாட்டு. மூன்று முறையும் ஐ.பி. முகவரி உண்மையைத்தான் சொன்னது. மின்னஞ்சல் அந்த இணைப்பின் வழியாகத்தான் போனது. அனுப்பியவர் யார் என்பது அந்த உண்மைக்கு வெளியே இருந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்கும்படி தொலைத்தொடர்புத் துறை சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

பதிவேடே தவறாக இருந்தால்? 2007-இல் பெங்களூரைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரை புனே காவல்துறை வந்து அழைத்துப்போனது. ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் போட்டார் என்பது குற்றச்சாட்டு. காவல்துறை ஐ.பி. எண்ணைக் கொடுத்துக் கேட்டது, தொலைத்தொடர்பு நிறுவனம் ஒரு சந்தாதாரரின் பெயரைக் கொடுத்தது. கொடுத்த பெயர் தவறானது. அந்தப் படத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தவறு தெரிந்து வெளியே வருவதற்குள் அவர் 50 நாட்கள் சிறையில் கழித்துவிட்டார். ஒரு வரி விவரத்தை யாராவது ஒருவர் மறுபடி சரிபார்த்திருந்தால் அந்த 50 நாட்களும் நடந்திருக்காது என்று நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

தவறு நுழைய வாய்ப்புள்ள ஓட்டைகள் பல. அவற்றில் மிகச் சாதாரணமானது கடிகாரம். வெளிநாட்டு நிறுவனங்களின் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் பதிவு செய்கின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. மேலே சொன்ன 18:42 என்பது உலகப் பொது நேரமானால், இங்கே அது நள்ளிரவு கடந்து 12 நிமிடம், தேதியே 15 ஆகிவிடுகிறது. கடிதம் எழுதும் அதிகாரி நேர மண்டலத்தைக் குறிப்பிட மறந்தால், அதே எண்ணை ஐந்தரை மணி நேரம் முன்பு வைத்திருந்த வேறொருவரின் பெயர் பதிலாக வரும். கடிதமும் முறைப்படி இருக்கும், பதிலும் முறைப்படி இருக்கும், ஆள் மட்டும் வேறு.

இன்னொரு ஓட்டை இன்று எல்லாவற்றையும்விடப் பெரிது, ஆனால் அதிகம் பேசப்படுவதில்லை. பழைய நான்காம் பதிப்பு ஐ.பி. முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி மட்டுமே. ஐயானாவிடம் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பங்கிடப்பட்டுவிட்டன. ஆளுக்கொரு முகவரி கொடுக்க வழியில்லாத சேவை நிறுவனங்கள், ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. இதற்கென 2012-இல் தனித் தொகுதியே ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64-இல் தொடங்கி 100.127 வரையிலான எண்ணாக இருந்தால், நீங்களும் பகிர்வில்தான் இருக்கிறீர்கள். வெளியுலகம் பார்க்கும் எண் வேறு, அதே நொடியில் உங்களோடு சேர்த்து இன்னும் பலருக்கும் அதே எண்.

இப்படிப் பகிரும்போது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரிப்பது, முகவரியோடு சேர்ந்து போகும் போர்ட் எண் என்ற இன்னொரு எண். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள் உண்டு. ஒருவருக்கு ஆயிரம் போர்ட் என்று பிரித்தால் ஒரே முகவரியில் 60-க்கும் மேற்பட்டோர் இருக்கலாம். ஆகவே முகவரியும் நேரமும் போதாது, எந்த போர்ட்டிலிருந்து வந்தார் என்பதும் தெரிந்தால்தான் ஒரு சந்தாதாரரைக் குறிக்க முடியும். சர்வர்கள் போர்ட் எண்ணையும் பதிய வேண்டும் என்று இணையப் பொறியியல் அமைப்பு 2011-லேயே பரிந்துரைத்துவிட்டது. இன்றும் பதியாத தளங்கள் நிறைய. அவற்றின் பதிவை வைத்துக்கொண்டு, பகிரப்பட்ட முகவரியில் ஒருவரைச் சுட்டிக்காட்டுவது குருட்டாம்போக்கு. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017-இல் இந்தப் பகிர்வு முறை விசாரணைகளை முடக்குகிறது என்று வெளிப்படையாகக் கவலை தெரிவித்தது. எண்ணிக்கையில் பஞ்சமே இல்லாத புதிய ஆறாம் பதிப்பு முகவரிகள் பரவுவதால் இந்தச் சிக்கல் குறையும், ஆனால் ஒரு வீட்டுக்கென நீண்ட காலம் நிற்கும் முகவரித் தொகுதி கிடைக்கும்போது அந்த வீட்டைப் பின்தொடர்வதும் எளிதாகும்.

இவ்வளவும் படித்துவிட்டு, ஐ.பி. முகவரி ஒன்றுக்கும் உதவாத எண் என்ற முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. தனியே நிற்கும்போது அது பலவீனமானது. இன்னொரு பட்டியலோடு சேரும்போது அதன் பலம் மாறிவிடுகிறது.

அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் தம் பெயரிலேயே முகவரித் தொகுதிகள் வைத்திருப்பது உண்டு. 2007-இல் வர்ஜில் கிரிஃபித் என்ற மாணவர் விக்கிஸ்கேனர் என்ற கருவியை வெளியிட்டார். விக்கிப்பீடியாவில் கணக்கின்றித் திருத்துபவர்களின் ஐ.பி. முகவரி அப்போது எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது. அதைப் பொதுப் பதிவகத்தோடு ஒப்பிட்டதுதான் அவர் செய்தது. வாக்குப்பதிவு இயந்திரம் தயாரித்த டீபோல்டு நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து, அந்த இயந்திரங்களைக் குறைகூறும் பத்திகள் நீக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. தனிமனிதர் பெயர் தெரியவில்லை, நிறுவனம் அகப்பட்டுக்கொண்டது. அண்மை ஆண்டுகளில் விக்கிப்பீடியா அந்த முகவரிகளை மறைத்துத் தற்காலிகக் கணக்குப் பெயர்களுக்கு மாறிவருகிறது.

தனிமனிதரும் அகப்படுவார். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் இயக்குநர் டேவிட் பெட்ரேயஸ் 2012 நவம்பரில் பதவி விலக நேர்ந்த விவகாரம், யாரோ பெயரின்றி அனுப்பிய மிரட்டல் மின்னஞ்சல்களில் தொடங்கியது. அனுப்பியவர் வீட்டிலிருந்து அனுப்பவில்லை, போகுமிடத்து ஹோட்டல்களின் வைஃபையிலிருந்து அனுப்பினார். எஃப்.பி.ஐ. ஒவ்வொரு முகவரிக்கும் ஹோட்டலைக் கண்டுபிடித்து, அந்தந்த நாட்களில் தங்கியவர்களின் பட்டியல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஒரு ஹோட்டலின் பட்டியலில் எத்தனையோ பெயர்கள் இருந்திருக்கும். எல்லாப் பட்டியல்களிலும் பொதுவாக இருந்தவர், பெட்ரேயஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்.

அடுத்த ஆண்டு டிசம்பரில் ஹார்வர்டு மாணவர் ஒருவர், தேர்வைத் தள்ளிப்போட வெடிகுண்டுப் புரளி மின்னஞ்சல் அனுப்பினார். முகவரியை மறைக்கும் டோர் வலையமைப்பின் வழியாகத்தான் அனுப்பினார், அவருடைய உண்மையான ஐ.பி. முகவரி மின்னஞ்சலில் இல்லை. ஆனால் டோரில் நுழைந்தது பல்கலைக்கழகத்தின் வைஃபையிலிருந்து. அந்த நேரத்தில் வளாகத்திலிருந்து டோரைப் பயன்படுத்தியவர் யார் என்று பல்கலைக்கழகப் பதிவேட்டைப் பார்த்தார்கள், அவரிடம் போய்க் கேட்டார்கள், ஒப்புக்கொண்டார். மறைப்பு உடையவே இல்லை. மறைத்துக்கொண்டார் என்ற செய்தியே அவரைக் காட்டிக்கொடுத்தது.

நாமே கொடுக்கும் தகவல்கள் இன்னும் மோசம். கூகுள், ஃபேஸ்புக் போன்ற தளங்களில் பெயரோடு உள்நுழையும்போது, இந்த நேரத்தில் இந்த முகவரியில் இன்னார் இருந்தார் என்று அந்த நிறுவனங்களுக்கு நாமே எழுதிக் கொடுக்கிறோம். சேவை நிறுவனத்தின் பதிவேடு அவர்களுக்குத் தேவையே இல்லை. வாட்ஸ்அப் அழைப்பில் இரு கைப்பேசிகளும் நேரடியாக இணைவதால் எதிர்முனைக்கு உங்கள் முகவரி தெரிய வாய்ப்பு உண்டு. அதை மறைக்கும் வசதியை வாட்ஸ்அப் 2023 நவம்பரில் கொண்டுவந்தது, ஆனால் தனியுரிமை அமைப்புகளுக்குள் போய் நீங்கள்தான் அதை இயக்க வேண்டும்.

நம் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை வி.பி.என். அதைப் போட்டால் தளத்துக்கு வி.பி.என். நிறுவனத்தின் முகவரிதான் தெரியும். நம்பிக்கை வைக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவே. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, அவருக்கு ஒதுக்கிய ஐ.பி. ஆகியவற்றை ஐந்தாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது. எக்ஸ்பிரஸ் வி.பி.என்., நார்டு வி.பி.என்., சர்ஃப்ஷார்க் ஆகியவை இந்தியாவில் இருந்த தங்கள் சர்வர்களை அகற்றிக்கொண்டன. தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கோ, இணையப் பயன்பாட்டு விவரப் பதிவுகளைக் குறைந்தது இரண்டாண்டுகள் காக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது.

பதிவேடு நீண்டுகொண்டே போகும்போது அதைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே என் பெரிய கவலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2016-இல், மாறும் ஐ.பி. முகவரியும் சூழலைப் பொறுத்துத் தனிப்பட்ட தரவாகும் என்று தீர்ப்பளித்தது. கனடாவின் உச்ச நீதிமன்றம் முதலில் 2014-இல் சந்தாதாரர் விவரத்துக்கும், பின்னர் 2024 மார்ச் 1 அன்று ஐ.பி. முகவரிக்கும் தனியுரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது. இரண்டாவது தீர்ப்பு ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் வந்தது. அமெரிக்காவில் வயதுவந்தோருக்கான பராமரிப்பு இல்லம் நடத்திய ஒருவர் மீது, அவருடைய இணைப்பில் திரைப்படம் திருட்டுத்தனமாகத் தரவிறக்கப்பட்டது என்று வழக்கு வந்தது. அங்கே வசித்தவர்களும் வந்து போனவர்களும் அதே இணைப்பைப் பயன்படுத்தியிருக்கலாம். இணைப்பு ஒருவர் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் வழக்குக்குப் போதாது என்று சொல்லி, கீழ் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்ததை 2018-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

நம் நாட்டில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி, நீதிமன்றம் மட்டுமல்லாமல் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே எழுத்து ஆணை அனுப்பி ஆவணங்களைக் கேட்டுப் பெறலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் இதையே சொன்னது. ஒரு நீதிபதியின் கண் படாமலே உங்கள் பெயர் ஒரு பதில் கடிதத்தில் ஏறிவிடலாம். அப்படி ஏறினால் நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ முதலில் கேட்க வேண்டியது அந்தக் கடிதத்தின் நகலை. அதில் ஐ.பி. முகவரிக்குப் பக்கத்தில் நேர மண்டலம் எழுதப்பட்டிருக்கிறதா, போர்ட் எண் இருக்கிறதா, அந்த முகவரி அந்த நேரத்தில் பகிரப்பட்டதா, வீட்டில் எத்தனை பேர் எத்தனை கருவிகளில் அந்த வைஃபையைப் பயன்படுத்தினார்கள் என்று யாராவது விசாரித்தார்களா என்று பார்க்க வேண்டும்.